இரு படைகளுக்கு நடுவே: பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கருநாடகப் போர்ப் பதிவுகளும் கிரேக்க உள்நாட்டுப் போர் நூல்கள் தரும் வாசிப்பு நெறியும்

ஆய்வுச்சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நிகழ்ந்த கருநாடகப் போர்களில் இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இரு நவாபுகளுக்கும் இரு ஐரோப்பியக் கம்பெனிகளுக்கும் இடையில் சிக்கிய நிலப்பகுதியாக இருந்தன. அப்போரைப் பதிவு செய்த நூல்கள் இவ்வட்டாரத்துக் கோட்டைக் காவலர்களையும் பாளையக்காரர்களையும் உறுதியற்றவர்கள், நம்பத்தகாதவர்கள் என்றே காட்டுகின்றன. இரண்டாம் உலகப் போர்க்கால ஆக்கிரமிப்பையும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரையும் பற்றிக் கிரேக்க நாட்டில் எழுந்த நூல்கள், இத்தகைய தீர்ப்புகளை எவ்வாறு மறுவாசிப்புக்கு உட்படுத்தலாம் என்பதற்கு ஒரு நெறியைத் தருகின்றன. அந்நெறியைக் கொண்டு 1751, 1752ஆம் ஆண்டுகளின் வாலிகண்டபுர நிகழ்வுகளையும் அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களின் நடத்தையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருநாடகப் போர், வாலிகண்டபுரம், ரஞ்சன்குடி கோட்டை, உடையார்பாளையம், அரியலூர், கிரேக்க உள்நாட்டுப் போர், வரலாற்றெழுதியல்.

முன்னுரை

அயல்நாட்டுப் படை ஒரு நிலத்துள் புகும்போது அந்நிலத்து மக்கள் இரு கூறாக மட்டும் பிரிவதில்லை. எதிர்த்தோர், துணைநின்றோர் என்ற இரு பெயர்களும் போர் முடிந்தபின் வென்றவர்கள் வழங்கும் பெயர்கள். போர் நடக்கும் காலத்தில் பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் இடையில் தம் உயிரையும் ஊரையும் காத்துக்கொள்ளும் வழியைத் தேடுகின்றனர். இவ்வுண்மையைக் கிரேக்க நாட்டு வரலாற்றெழுதியல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கால விவாதத்தின் வழியே கண்டறிந்தது.

தமிழகப் பாளையக்காரர் வரலாறு இன்றும் பெரும்பாலும் வீரர், துரோகி என்ற இருமைக்குள்ளேயே எழுதப்படுகிறது. பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கை, நெற்கட்டும்செவல் ஆகிய தென்பாளையங்கள் எதிர்ப்பின் சின்னங்களாக நினைக்கப்படுகின்றன. காவிரிக்கு வடக்கே அமைந்த அரியலூர், உடையார்பாளையம், துறையூர் ஆகியவை அவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. அவை ஒரு தரப்பில் நிலையாக நில்லாமையே இதற்குக் காரணமாகும். நிலையாக நிற்க இயலாத இடத்தில் நின்றவர்களை வரலாறு எவ்வாறு எழுதுவது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1. வட்டாரமும் போர்ச்சூழலும்

பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதிலிருந்து அரியலூர் 2007ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக நிலைபெற்றது. எனவே இவ்வட்டாரத்தின் பதினெட்டாம் நூற்றாண்டுச் செய்திகள் அனைத்தும் திருச்சிராப்பள்ளி என்ற தலைப்பின்கீழேயே ஆவணங்களில் அடங்கியுள்ளன. திருச்சிராப்பள்ளிக் கோட்டையின் முற்றுகையே மையக் கதையாக அமைய, அக்கோட்டைக்குச் செல்லும் வழியாக மட்டுமே இவ்வட்டாரம் நூல்களில் தோன்றுகிறது.

1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வாருதீன் வீழ்ந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளியில் தஞ்சம் புகுந்தார். முந்தைய நவாபு தோஸ்த் அலியின் மருமகனான சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரரின் துணையோடு நவாபு பதவியை ஏற்றார். ஆங்கிலேயர் முகம்மது அலியை ஆதரித்தனர். இவ்வாறு ஒரே பதவிக்கு இரு உரிமையாளர்களும், அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னே ஓர் ஐரோப்பியக் கம்பெனியும் நின்றனர்.

ஆர்க்காட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில் வாலிகண்டபுரம் அமைந்துள்ளது. ஆங்கில நூல்கள் இதனை 'வோல்கொண்டா' எனக் குறிக்கின்றன. அந்நூல்கள் வருணிக்கும் பாறைக்கோட்டை, வாலிகண்டபுரத்திற்கு அண்மையிலுள்ள ரஞ்சன்குடி கோட்டையே எனக் கொள்ளப்படுகிறது. பல நிலைகளில் அமைந்த கருங்கல் மதில்களும் அகழியும் கொண்ட இக்கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உயரத்தில் கோட்டை மேடும் தாழ்வான பகுதியில் பேட்டையும் அமைந்த இதன் கட்டமைப்பு, கீழே காணவிருக்கும் நிகழ்வுகளைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும்.

2. போரைப் பதிவு செய்த நூல்கள்

இப்போரைப் பற்றிய முதன்மைப் பதிவுகள் மூன்று தரப்புகளிலிருந்து கிடைக்கின்றன.

முதலாவது ராபர்ட் ஓர்ம் எழுதிய இந்துஸ்தானத்துப் பிரித்தானியப் படைச்செயல்களின் வரலாறு. இதன் முதல் தொகுதி 1763இலும் இரண்டாம் தொகுதி 1778இலும் வெளிவந்தன. 1754 முதல் சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்த ஓர்ம், போரில் பங்கேற்ற அலுவலர்களிடமிருந்து திரட்டிய செய்திகளைக் கொண்டு நூலை அமைத்தார். படைகளின் எண்ணிக்கை, நில அமைப்பு, கோட்டை மதில் ஆகியவற்றில் அவர் காட்டும் நுணுக்கம் பிறரிடம் காண அரிது. எனினும் அவர் நோக்குநிலை கம்பெனிப் படைத்தலைவரின் கூடாரத்திலிருந்து அமைந்த நோக்குநிலையாகும்.

இரண்டாவது புர்ஹான் இப்னு ஹசன் பாரசீக மொழியில் எழுதிய 'துசுக்-இ-வாலாஜாகி'. முகம்மது அலியின் அரசவைச் சார்பில் எழுந்த இந்நூலை எஸ். முகம்மது உசைன் நயினார் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1930களில் இரு பகுதிகளாக வெளியிட்டது. முகம்மது அலியின் உரிமை ஐயத்திற்கு இடமில்லாதது என்ற முன்முடிவோடே இந்நூல் தொடங்குகிறது. எனவே அவருக்கு அடங்காதோர் அனைவரும் இதில் கலகக்காரர் ஆகின்றனர்.

மூன்றாவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 முதல் 1761 வரை நீளும் இந்நாட்குறிப்பு, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கியவர் தமிழில் எழுதியது. 1904 முதல் 1928 வரை இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக வெளிவந்தது. உள்நாட்டுச் செய்திகள் புதுச்சேரிக்கு எவ்வாறு கடிதமாகவும் வதந்தியாகவும் வந்து சேர்ந்தன என்பதை இந்நூலில் காணலாம். எனினும் பிள்ளை கடற்கரை நகரத்தில் இருந்து கேட்டவரே தவிர, வாலிகண்டபுரத்தில் நின்று கண்டவர் அல்லர்.

பின்னாளில் எழுந்த திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடு (லூயிஸ் மூர், 1878), மாவட்ட விவரச்சுவடி (ஹெமிங்வே, 1907) ஆகியவை ஓர்மின் கதையையே பெரிதும் தழுவின. ஆகவே ஒரு தரப்பின் போர்க்காலத் தீர்ப்பு, நிர்வாக நூல்களின் வழியே வட்டார வரலாற்றின் பொதுக்கருத்தாக மாறியது. மூன்று முதன்மைப் பதிவுகளும் வெவ்வேறு தரப்பின என்றாலும் ஒன்றில் ஒத்துப்போகின்றன: மூன்றும் வெளியிலிருந்து எழுதப்பட்டவை. பாளையத்தின் உள்ளிருந்து எழுதப்பட்ட போர்ப்பதிவு அவற்றுள் ஒன்றும் இல்லை.

3. கிரேக்க நாட்டு அனுபவமும் அதன் நூல்களும்

இத்தகைய சார்புநிலைப் பதிவுகளை எதிர்கொண்ட ஒரு வரலாற்றெழுதியலின் வளர்ச்சி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1941ஆம் ஆண்டு ஏப்ரலில் செருமனி கிரேக்க நாட்டின்மீது படையெடுத்தது. நாடு செருமனி, இத்தாலி, பல்கேரியா ஆகிய மூன்று நாடுகளின் ஆக்கிரமிப்புக்கு உட்பட்டது. 1941–42 குளிர்காலத்தில் ஏற்பட்ட கடும் பஞ்சத்தில் ஏதென்சு நகரில் மட்டும் பல்லாயிரவர் மாண்டனர். பொதுவுடைமையர் முன்னின்ற தேசிய விடுதலை முன்னணியும் அதன் படையான எலாசும் மலைப்பகுதிகளில் வலுப்பெற்றன. எடெஸ் என்னும் மற்றோர் எதிர்ப்பியக்கமும் செயற்பட்டது. 1944இல் மூன்று அரசுகள் ஒரே நாட்டின்மீது உரிமை கோரின: கெய்ரோவில் இருந்த பெயர்ந்த அரசு, ஏதென்சில் ஆக்கிரமிப்பாளருக்குக் கட்டுப்பட்ட அரசு, மலைகளில் எதிர்ப்பியக்கம் அமைத்த அரசுக் குழு. 1944 திசம்பரில் ஏதென்சில் எலாசும் பிரித்தானியப் படையும் மோதின. அக்காலத்தில் கிரேக்க நாட்டுக்கு அனுப்பப்பட்ட படைகளுள் நான்காம் இந்தியப் படைப்பிரிவும் ஒன்று. 1945 பிப்ரவரியில் வார்கிசா உடன்படிக்கை ஏற்பட்டும் அமைதி நிலைக்கவில்லை. 1946 முதல் 1949 வரை முழு உள்நாட்டுப் போர் நடந்தது.

இக்காலத்தைப் பற்றிய நூல்களை மூன்று அடுக்குகளாகப் பகுக்கலாம். முதல் அடுக்கு, பங்கேற்றோர் எழுதியவை. நேசநாட்டுப் படைத்தூதுக் குழுவுக்குத் தலைமை ஏற்ற வுட்கவுஸ் 1948இல் வெளியிட்ட நூலும், எலாசின் படைத்தலைவர் ஸ்டெபனோஸ் சரபிஸ் எழுதிய நூலும் இவ்வகையின. இரண்டும் ஒரே மலைகளில் ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றையே கூறினும், ஒன்றில் அதிகாரவேட்கையாகத் தெரிவது மற்றொன்றில் விடுதலை வேட்கையாகத் தெரிகிறது. ஓர்மையும் புர்ஹானையும் அடுத்தடுத்துப் படிப்போர் இவ்வனுபவத்தை எளிதில் உணர்வர்.

இரண்டாம் அடுக்கு, மக்கள் வாழ்வைப் பேசியவை. மார்க் மசோவர் 1993இல் வெளியிட்ட இட்லரின் கிரேக்கத்தைப் பற்றிய நூல், படைத்தலைவர்களின் முடிவுகளோடு நில்லாமல் பஞ்சம், கள்ளச்சந்தை, பிணைக்கைதிகள், எரிந்த ஊர்கள் ஆகியவற்றின் வழியே ஆக்கிரமிப்பை விளக்கியது. கிரேக்க அமெரிக்கரான நிக்கோலஸ் கேஜ், 1948இல் பொதுவுடைமைப் படையினரால் கொல்லப்பட்ட தம் தாயைப் பற்றி 1983இல் எழுதிய 'எலெனி', எதிர்ப்பியக்கத்தின் கைகளிலும் குருதி உண்டு என்பதை உலக வாசகர் முன் வைத்துக் கடும் விவாதத்தைத் தோற்றுவித்தது. தனாசிஸ் வல்தினோஸ் 1994இல் வெளியிட்ட 'ஓர்தோகொஸ்தா' என்னும் புதினம், பெலொபொனேசியச் சிற்றூர்களின் பல குரல்களை வாக்குமூலங்களின் வடிவில் அடுக்கித் தீர்ப்பு கூறாமல் விட்டது.

மூன்றாம் அடுக்கு, வன்முறையின் இயங்குமுறையை ஆராய்ந்தவை. ஸ்டாதிஸ் கலிவாஸ் 2006இல் வெளியிட்ட உள்நாட்டுப் போரில் வன்முறையின் தருக்கம் பற்றிய நூல் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஆர்கோலிட் என்னும் வட்டாரத்தின் சிற்றூர்களை அடிப்படையாகக் கொண்ட இவ்வாய்வு, மக்களின் சார்பு போருக்கு முன்பே உறுதியாகிவிடுவதில்லை என்றும், எத்தரப்பு ஓர் ஊரைக் கட்டுப்படுத்துகிறதோ அத்தரப்பின்பக்கம் மக்கள் சாய்வது பொதுவியல்பு என்றும் வாதிட்டது. சார்பு கட்டுப்பாட்டை உருவாக்குவதைவிடக் கட்டுப்பாடே சார்பை உருவாக்குகிறது என்பது அதன் சாரம். யாரென்று பாராது ஊரை அழிக்கும் வன்முறை, அவ்வூரை எதிர்த்தரப்பிடம் தள்ளிவிடும் என்பது அதன் மற்றொரு முடிவு.

4. பெயரிடலின் அரசியல்

கிரேக்க நூல்கள் கற்பிக்கும் முதற்பாடம் பெயர்களைப் பற்றியது. போரில் வென்ற அரசு 1946–49 போரை நெடுங்காலம் 'கொள்ளையர் போர்' என்றே சட்டத்திலும் பாடநூலிலும் வழங்கியது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் இடதுசாரி எதிர்ப்பியக்கத்தையும் தேசிய எதிர்ப்பின் பகுதியாக ஏற்றது. 1989ஆம் ஆண்டுச் சட்டமே 'கொள்ளையர் போர்' என்ற பெயரை நீக்கி 'உள்நாட்டுப் போர்' என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. போர் முடிந்து 40 ஆண்டுகளுக்குப் பின்னரே அப்போருக்கு உரிய பெயர் கிட்டியது.

தமிழகத்திலும் இதற்கு இணையான நிலை உண்டு. கம்பெனி ஆவணங்களில் பாளையக்காரர் 'அடங்காதோர்' ஆயினர். அவர்கள் வரி செலுத்த மறுத்தது 'கலகம்' ஆயிற்று. கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட நூல் 1800–1801 எழுச்சியை முதல் விடுதலைப் போர் எனப் பெயரிட்டது. இப்பெயர்மாற்றம் தேவையானதே. ஆயினும் 'கலகம்' என்ற சொல்லை 'விடுதலைப் போர்' என மாற்றுவது மட்டும் போதாது. அவ்விரு பெயர்களுக்கும் பொருந்தாத நடத்தை இவ்விரண்டிலும் மறைந்துபோகிறது. அரியலூர், உடையார்பாளையம் ஆகியவற்றின் வரலாறு அத்தகைய நடத்தைக்குச் சான்றாகும்.

5. ஒரே கோட்டை, இரு முடிவுகள்

1751ஆம் ஆண்டு ஏறத்தாழ 500 ஐரோப்பியரும் சிப்பாய்களும் கொண்ட ஆங்கிலேயப் படை, கேப்டன் ஜிஞ்சனின் தலைமையில் விருத்தாசலம் வழியே முன்னேறியது. முகம்மது அலியின் சகோதரர் அப்துல் வகாப் நடத்திய படையும் அதனோடு இணைந்தது. சந்தா சாகிபும் தோத்தேய் என்ற பிரெஞ்சுத் தளபதியும் எதிர்த்திசையிலிருந்து வந்தனர். இரு படைகளும் வாலிகண்டபுரத்தில் எதிர்கொண்டன. நடுவே கோட்டை இருந்தது. அதன் காவலர் ஆர்க்காட்டு நவாபுக்குக் கட்டுப்பட்டவர். ஆர்க்காட்டு நவாபு யார் என்பதே அன்றைய போரின் பொருளாக இருந்தது.

இரு தரப்பும் அவரிடம் தூது அனுப்பின. அவர் இருவருக்கும் இணங்குவதுபோல் பேசி எவரையும் உள்ளே விடாது பல நாள் கடத்தினார். பொறுமை இழந்த ஆங்கிலேயப் படை பேட்டையைத் தாக்கித் தீயிட்டது. ஆயினும் கல்மதிலைக் கடக்க இயலவில்லை. அதன்பின் காவலர் சந்தா சாகிபின் படைக்கு இடமளித்தார். தொடர்ந்த மோதலில் ஆங்கிலேயப் படை குழப்பமுற்றுப் பின்வாங்கி, ஊட்டத்தூர் வழியே திருச்சிராப்பள்ளியை அடைந்தது. இராபர்ட் கிளைவும் இப்படையில் இருந்தவர். இதன் விளைவாக எழுந்த திருச்சிராப்பள்ளி முற்றுகையைத் தளர்த்தவே அவர் அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆர்க்காட்டைத் தாக்கினார்.

அடுத்த ஆண்டில் நிலைமை தலைகீழாயிற்று. திருவரங்கத்தில் சிக்கிய பிரெஞ்சுப் படைக்குத் துணைசெய்ய வந்த தோத்தேய், கிளைவின் எதிர்ப்பால் ஊட்டத்தூரிலிருந்து வாலிகண்டபுரத்துக்குப் பின்வாங்கினார். இம்முறை கோட்டை ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்திருந்தது. கல்கோட்டையின் கதவு பிரெஞ்சுக்காரருக்கு அடைக்கப்பட்டது. 1752ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தோத்தேய் கிளைவிடம் சரணடைந்தார். அதே காலத்தில் திருவரங்கத்துப் பிரெஞ்சுப் படையும் சரணடைய, சந்தா சாகிப் கொல்லப்பட்டார்.

ஓர்மின் நூலில் முதல் முடிவு வஞ்சகமாகவும் இரண்டாம் முடிவு நற்பயனாகவும் தோன்றுகின்றன. இரண்டும் உண்மையில் ஒரே நெறியைப் பின்பற்றியவை. 1751இல் இரு படைகளும் ஏறத்தாழ நிகராக நின்றவரை கோட்டை நடுநிலை காத்தது. கலிவாஸ் கூறும் இடைநிலை மண்டலத்தின் இயல்பு இதுவே: எத்தரப்பு வெல்லும் எனத் தெரியாத இடத்தில் வாயடைத்திருப்பதே பாதுகாப்பு. பேட்டை எரிக்கப்பட்டது அந்நடுநிலையை உடைத்தது. யாரென்று பாராத வன்முறை எதிர்த்தரப்புக்கே ஆதாயமாகும் என்ற முடிவுக்கு இதனினும் தெளிவான சான்று இவ்வட்டாரத்தில் இல்லை. 1752இல் கட்டுப்பாடு யார் கைக்கு மாறுகிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. கோட்டையும் அப்பக்கம் சாய்ந்தது.

இவ்விளக்கம் காவலரை வீரராக்குவதும் இல்லை, குற்றவாளியாக்குவதும் இல்லை. அவர் எந்த வினாவுக்கு விடை தேடினார் என்பதை மட்டும் மாற்றியமைக்கிறது. 'யாருக்கு விசுவாசமாக இருப்பது' என்பது நூல்கள் அவர்மீது ஏற்றிய வினா. 'நாளை இவ்வழியே எவர் படை வரும்' என்பது அவர்முன் நின்ற வினா.

6. பாளையங்களின் நடத்தை

கோட்டைக் காவலர் நவாபின் அலுவலர். அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரரோ தத்தம் காட்டரண்களையும் படையாட்களையும் கொண்ட பரம்பரைத் தலைவர்கள். எனவே அவர்களது நடத்தை தனித்து நோக்கத்தக்கது.

பிரெஞ்சு, ஆங்கிலக் கம்பெனிகளுக்கு இடையில் போர்நிறுத்தம் ஏற்பட்டபின், 1755இல் பிரெஞ்சுப் படை துறையூரின்மீது சென்று, பின் அரியலூர், உடையார்பாளையம் ஆகியவற்றை நோக்கித் திரும்பியது. இப்பாளையங்கள் முகம்மது அலிக்குக் கட்டுப்பட்டவை எனச் சென்னை ஆங்கிலேயர் எதிர்ப்புத் தெரிவித்துப் படை அனுப்ப முனைந்தனர். பிரெஞ்சுக்காரர் அம்முயற்சியைக் கைவிட்டனர். இந்நிகழ்வை ஓர்ம் இரு கம்பெனிகளின் உரிமைப் பூசலாகவே எழுதுகிறார். பாளையத்தின் பார்வையில் இது வேறு பொருள் தருவது: போர்நிறுத்தம் என்பது கப்பம் கேட்டு வரும் படையை நிறுத்தவில்லை.

பத்தாண்டுகளுக்குப்பின் அதே பாளையங்களைப் பாதுகாப்பதாகக் கூறிய தரப்பே அவற்றின்மீது படையெடுத்தது. 1765இல் முகம்மது அலி, கப்பநிலுவையையும் மதுரைப் போருக்குப் படையுதவி செய்யாமையையும் காரணம் காட்டி, ஆங்கிலேயப் படைத்துணையோடு அரியலூரையும் உடையார்பாளையத்தையும் கைப்பற்றினார். 1801இல் கருநாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்கு மாறியது. பின்னர் இப்பாளையங்கள் சுருங்கிய எல்லையோடு ஜமீன்களாக நீடித்தன.

இந்நிகழ்வுகளை வரிசையாகக் காணும்போது ஒன்று புலனாகும். பாளையக்காரர் தரப்பு மாறியதைவிடத் தரப்புகளே பாளையக்காரர்பால் அடிக்கடி மாறின. 1755இல் காப்பாளராக நின்றோர் 1765இல் படையெடுப்பாளராயினர். 'நிலையற்றவர்' என்ற அடைமொழி எழுதியவர் கையில் இருந்தமையால் அது பாளையக்காரருக்குச் சூட்டப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பாளையங்கள் வேறொரு வகையில் நினைவில் நின்றன. உ.வே. சாமிநாதையர் தம் தன்வரலாற்றில் அரியலூர், குன்னம் ஆகிய ஊர்களில் கழிந்த இளமைக்காலத்தையும், உடையார்பாளையம் ஜமீனில் கனம் கிருஷ்ணையர் பெற்ற ஆதரவையும் விரிவாக எழுதியுள்ளார். இசைக்கும் தமிழுக்கும் புரவலர் என்ற நினைவே மேலோங்கியது. போர்க்கால நினைவு கம்பெனியின் நூல்களிடம் விடப்பட்டது. ஒரே குடும்பத்தின் வரலாறு இவ்வாறு இரு மொழிகளுக்கிடையே பங்கிடப்பட்டமையை ஆய்வாளர் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

7. எரிந்த பேட்டை

வாலிகண்டபுர நிகழ்வில் மிகுந்த இழப்புற்றோர் எவர் என்ற வினா இதுவரை எழுப்பப்படவில்லை. படைத்தலைவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. காவலரின் தயக்கம் விவரிக்கப்படுகிறது. பின்வாங்கிய படையின் அவமானம் பேசப்படுகிறது. பேட்டை எரிந்தது என்பதோ ஒரு தொடரில் முடிந்துவிடுகிறது. பேட்டை என்பது கோட்டையின் அடியில் வணிகரும் கைவினைஞரும் ஏவலரும் குடியிருக்கும் பகுதி. கல்மதிலுக்குள் இருந்தோர் பேரம் பேச இயன்றது. மதிலுக்கு வெளியே இருந்தோர் அப்பேரத்தின் விலையைச் செலுத்தினர்.

மசோவரின் நூல் கிரேக்க வரலாற்றெழுதியலில் ஏற்படுத்திய மாற்றம் இவ்விடத்தில் பொருந்துகிறது. 1943 திசம்பரில் கலவ்ரிதா என்னும் ஊரின் ஆண்களைச் செருமானியர் பெருந்தொகையாகச் சுட்டுக்கொன்று ஊரை எரித்தனர். இந்நிகழ்வைப் படைநடவடிக்கைக் குறிப்பாக அன்றி, ஊரின் வரலாறாக எழுதும் மரபு அங்கு வேரூன்றியது. எஞ்சியோரின் வாய்மொழியும் ஊர்ப் பதிவேடுகளும் அதற்குத் துணைநின்றன.

வாலிகண்டபுரத்திற்கு அத்தகைய வாய்மொழி இன்று கிட்டாது. இருநூற்றெழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் வேறு வாயில்கள் உண்டு. ரஞ்சன்குடி கோட்டையின் பேட்டைப் பகுதி முறையான அகழாய்வுக்கு உரிய இடம். போருக்குப் பிந்தைய நிலவரிக் கணக்குகளில் தரிசு, பாழ் எனக் குறிக்கப்பட்ட ஊர்களை வரைபடத்தில் இட்டால் படைவழிகளின் சுவடு தெரியக்கூடும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் விலைவாசி, தானியவரத்து ஆகியவை குறித்த செய்திகளைப் போர்ச்செய்திகளோடு இணைத்து வாசிக்கலாம். படைகளைத் தேடிப் படித்த நூல்களைப் பேட்டையைத் தேடி மீண்டும் படிப்பதே இதன் முதற்படி.

8. ஒப்பீட்டின் எல்லைகள்

கிரேக்க நூல்களிலிருந்து பெறும் நெறியை அப்படியே பொருத்துதல் ஆகாது. கிரேக்கப் போரில் தேசம், பொதுவுடைமை, முடியாட்சி என்னும் கருத்தியல்கள் மக்களை இயக்கின. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாளையத்தில் தேசம் என்ற கருத்து அவ்வடிவில் இல்லை; குடிவழி உரிமை, காவல் உரிமை, கப்பம் ஆகியனவே அரசியலின் மொழியாக இருந்தன. மேலும் கலிவாசின் கோட்பாடு கிரேக்க அறிஞரிடையே கடுமையாக மறுக்கப்பட்டதும் உண்டு. அனைத்தையும் கட்டுப்பாட்டின் விளைவாகக் காண்பது கொள்கைக்காக உயிர் நீத்தோரின் தேர்வை மறைத்துவிடும் என்பதும், ஆக்கிரமிப்பாளரின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்பதும் அம்மறுப்பின் சாரம்.

இம்மறுப்பு தமிழகச் சூழலுக்கும் பொருந்தும். பாளையக்காரர் அனைவரும் காற்றடித்த பக்கம் சாய்ந்தவர்கள் என்று முடிவு கட்டினால், அழிவு உறுதி எனத் தெரிந்தும் எதிர்த்து நின்றோரின் வரலாறு விளங்காமல் போகும். இரு கம்பெனிகளும் பிறர் நாட்டில் தம் வணிகத்துக்காகப் போர் நடத்தின என்ற அடிப்படை உண்மையும் பின்னுக்குத் தள்ளப்படும். ஆகவே இந்நெறி தீர்ப்பை நீக்கும் கருவி அன்று. தீர்ப்பை அவசரத்திலிருந்து காக்கும் கருவி.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கருநாடகப் போர்ப் பதிவுகள் மூன்று வெளித்தரப்புகளின் பதிவுகளே. அவற்றின் அடைமொழிகளைச் சான்றாகக் கொள்ளாமல், அவை கூறும் செயல்களின் வரிசையைச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

வாலிகண்டபுரக் கோட்டை 1751இலும் 1752இலும் எடுத்த எதிரெதிர் முடிவுகள், கட்டுப்பாடு மாறும் நிலத்தில் வாழ்வோரின் ஒரே நெறியிலிருந்து பிறந்தவை. அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களின் 'நிலையின்மை', அவற்றைச் சூழ்ந்த பேரரசியலின் நிலையின்மையே ஆகும்.

கிரேக்க நாட்டில் ஒரு போரின் பெயர் மாற 40 ஆண்டுகள் ஆயின. எதிர்ப்புக்கும் துணைபோதலுக்கும் இடைப்பட்ட பெருவெளியில் வாழ்ந்தோரைப் பற்றிய நூல்கள் எழ அதைவிடக் காலம் ஆயிற்று. தமிழக வரலாற்றில் அவ்வெளி இன்னும் எழுதப்படாமல் உள்ளது. சென்னை–திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையில் செல்வோர் மங்களமேட்டை அடுத்து ரஞ்சன்குடி கோட்டையின் மதிலைக் காண்கின்றனர். மதிலின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. அதன் அடியில் இருந்த பேட்டையின் வரலாறே இனி எழுதப்பட வேண்டுவது.